இரண்டாம் நம்பரின் புகார்

என் மனைவி அடுத்தவன் எழுதியதைப் படித்துச் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நாகரிகம், கட்டுப்பாடு, பொது ஒழுங்கு என்று பெரிய வார்த்தைகள் வரும். அன்றைக்கும் அதையெல்லாம் அள்ளி விட்டேன். அத்தனையும் மேல்பூச்சு. உள்ளே இருந்தது வயிற்றெரிச்சல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம். எனக்குத் தேனாம்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவள் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஹாலில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். இன்டர்நெட் என்பதைப் பேப்பரில் படித்திருந்தோமே தவிர எங்கள் யார் வீட்டுக்கும் அது வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக எங்களிடம் இருந்தது போர்டு.

போர்டு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு வீட்டு டெலிபோன் வயரைக் கழற்றி மோடத்தில் செருகுவேன். ஊரில் கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருக்கிறவர்கள் என் நம்பருக்கு டயல் செய்வார்கள். மோடம் கீச்சென்று கத்திவிட்டு அவர்களை உள்ளே விடும். வந்தவர் மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கலாம், தானும் எழுதி வைக்கலாம். ஒரே லைன், அதனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆளுக்கு இருபது நிமிடம். தாண்டினால் மெஷினே லைனைத் துண்டித்துவிடும். ஒன்பது மணிக்கு வயரை மறுபடி டெலிபோனில் செருகிவிட்டு ஆபீஸ் கிளம்புவேன். தமிழ் எழுத்து திரையில் வராத காலம், இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடிப்போம். சந்தா கிடையாது. எனக்கும் இதில் ஒரு பைசா வரும்படி கிடையாது. ஏதோ ஊருக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

சேர்ந்த வரிசைப்படி எல்லோருக்கும் ஒரு நம்பர். நான் ஒன்று. இரண்டாம் நம்பர் என் மனைவி. ஆரம்பித்த அன்று பட்டியலில் நான் மட்டும் ஒண்டியாக நின்றால் அசிங்கமாக இருக்குமே என்று அவளையும் சேர்த்து வைத்தேன். அவள் ஒருநாள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மூன்றாம் நம்பர், தி. நகரில் இருந்த ரிட்டயர்டு ஆடிட்டர் ஒருவர். எல்லோருக்கும் அவர் மாமா. போர்டை ஆரம்பித்ததில் பாதிப் பங்கு அவருடையது. தினம் ஆறு மணி அடித்ததும் முதல் டயல் அவருடையதாகத்தான் இருக்கும்.

விதிகள் எழுத உட்கார்ந்தபோது எனக்கும் ஆடிட்டர் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம். யாரும் எதையும் சொல்லலாம், சொன்னதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும் என்பது அவர் கட்சி. வீட்டுப் பெண்கள் படிக்கிற மாதிரி மரியாதையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இழுபறியில் பன்னிரண்டு விதிகள் வந்தன. ஒன்பதாவது என்னுடையது: ஒரே மாதத்தில் மூன்று பேர் எழுத்தில் புகார் கொடுத்தால் அந்த நம்பர் நீக்கப்படும். பத்தாவது அவருடையது: புகார் ரகசியமாக இருக்கக்கூடாது, கொடுத்தவர் நம்பரோடு எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும், கொடுத்தவர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் மாமா வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் கூடும்போது நேரில் வந்து அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டார். நல்ல விதிதான் என்று நானே என் கையால் அதை அடித்துப் போட்டேன்.

ஒரு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் முப்பத்தொன்றாம் நம்பர் வந்து சேர்ந்தார்.

ஈக்காட்டுத்தாங்கலில் யுபிஎஸ் செய்கிற ஒரு பட்டறையில் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். முதலாளி ஒன்பது மணிக்குத்தான் வருவாராம். அதற்குள் எட்டு இருபது வாக்கில் பட்டறை டெலிபோனிலிருந்து டயல் செய்வார். எழுதுவதெல்லாம் பேசுகிற மாதிரியே இருக்கும். சேர்ந்த வாரமே இப்படி ஒன்று எழுதினார்: "எங்க மேன்ஷன்ல காலைல பாத்ரூம் க்யூவுல நின்னுக்கினு இருந்தேன். எனுக்கு முன்னாடி ஆறு பேரு. உள்ள பூந்தவன் வெளிய வர்றதுக்குள்ள எனுக்குக் கோவம் வந்துச்சு, பசி வந்துச்சு, தூக்கம்கூட வந்துச்சு. வந்த வேலை மட்டும் மறந்துபூச்சு."

நான் அதை நின்றபடியே படித்தேன். உதடு ஓரம் தானாக இழுத்தது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

என் மனைவிக்குத் திரையில் படித்தால் கண் எரியும் என்பாள். அதனால் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அன்றைக்கு வந்தவற்றை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துக் கொடுப்பேன். ஒருபக்கம் அச்சாகி வீணான தாள்கள் ஆபீஸில் நிறையக் கிடைக்கும். காபி டம்ளரும் கையுமாக அவள் அதைப் புரட்டுவாள். நான் அப்போது பண்பாடும் உரையாடலும் என்ற தலைப்பில் ஏழு பகுதிகளாக ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முறை திருத்தி, நாலாவது முறை அடித்துப் போட்டது. அதற்குப் பதில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். என் மனைவி என் பகுதி வந்ததும் தாளை அப்படியே மடித்து, அப்புறம் நிதானமாகப் படிக்கிறேன் என்று சோபாக் கைப்பிடியில் வைத்துவிடுவாள். அடுத்த தாள் முப்பத்தொன்றுடையதாக இருந்தால் நிதானம் எல்லாம் கிடையாது. காபி ஆறிப்போகும். தோள் குலுங்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேளுங்களேன் என்று எனக்கே உரக்கப் படித்துக் காட்டுவாள். நான்தானே அடித்துக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா?

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் தோள் குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்கிற மாதிரி நான் எதுவும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பொறாமைக்கு அந்த நியாயமெல்லாம் ஏறுமா?

அவள் அந்தத் தாள்களைக் கத்திரித்து, குண்டூசி குத்தி, பள்ளிக்கூட டைரிக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டுகிறாளாம். இங்கிலீஷ் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டாளாம். எனக்கும் வயிற்றில்தான் கோளாறு.

போர்டில் எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. அடையாறில் ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், பன்னிரண்டாம் நம்பர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனது பற்றி நீள நீளமாக எழுதுவார். முப்பத்தொன்று அதற்கு இரண்டே வரி எழுதினார். உங்கள் லெட்டரைப் படித்து முடிப்பதற்குள் என் இருபது நிமிடம் தீர்ந்து லைன் கட் ஆகிவிட்டது சார், பிள்ளைகள் கடைசியில் திருந்தினார்களா இல்லையா, யாராவது சொல்லுங்கள் என்று. பேராசிரியருக்கு மூக்கு உடைந்தது. மறுநாள் காலை முதல் புகார் வந்தது. அதற்கடுத்த நாள் அவர் மச்சினர், பதிமூன்றாம் நம்பர், இரண்டாவது புகார் கொடுத்தார். எனக்கு அன்று காபி ரொம்ப நன்றாக இருந்தது.

ஆடிட்டர் மாமா டெலிபோனில் கூப்பிட்டார். நீளமாக எழுதினதை நீளம் என்று சொன்னால் அதில் அவமரியாதை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். விதி எல்லாம் சரி, அந்தப் பையன் பேசுகிற தமிழ் உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே என்றார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அது உண்மைதான். அவர் தமிழ் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் கோளாறே.

அந்த வாரம் என் தொடரின் ஐந்தாம் பகுதியில், எழுத்து என்பது பொது இடம், பொது இடத்துக்கு வருகிறவர் அதற்குத் தக்கபடி வரவேண்டும் என்று பெயர் சொல்லாமல் குத்தி எழுதினேன். மறுநாள் எட்டு இருபதுக்குப் பதில் வந்தது. "ஒண்ணாம் நம்பர் சார் சொல்றது கரெக்ட். நான் பேசறதே இப்டித்தான், இன்னா பண்றது. சட்டைய இன் பண்ணிக்கினுதான் எழுதணும்னா சொல்லுங்க, பண்ணிக்கறேன். ஆனா வெளிய தள்ளிடாதீங்க. பகல் ஃபுல்லா யுபிஎஸ்ஸு கூடத்தான் குடித்தனம். அது பீப்புன்னு ஒரே வார்த்த பேசும். இங்க வந்தாத்தான் மனுசங்களாண்ட பேசின மாதிரி கீது."

சாயங்காலம் அவள் அதைப் படித்தாள். முதல் பாதிக்குச் சிரித்தாள். இரண்டாம் பாதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், கல்யாணம் ஆகவில்லையோ என்னவோ என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, நீங்களும் ஒருநாள் இந்த மாதிரி எழுதிப் பாருங்களேன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் ராத்திரி சாப்பாட்டில் மோரை வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மூன்றாவது புகார் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பத்தொன்பதாம் நம்பரிடம் ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். அவர் முப்பத்தொன்றின் பாத்ரூம் க்யூவை எனக்கே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். ஒரு புதன்கிழமை காலை, ஏழரைக்கு அவள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனபின், லைன் காலியாக இருந்த நேரத்தில், என் மெஷினில் நானே உட்கார்ந்து இரண்டாம் நம்பராக உள்ளே போனேன். கடவுச்சொல்லை வைத்தவனே நான்தானே. குடும்பப் பெண்கள் படிக்கும் இடத்தில் குளியலறை சமாசாரங்களை எழுதுவது மனதைப் புண்படுத்துகிறது, இவரோடு ஒரே இடத்தில் இருக்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதினேன். கூச்சம் என்ற வார்த்தை தோன்றியபோது எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். பெண் எழுதினது போலவே இருக்கிறது என்று நினைத்தேன். வெட்கங்கெட்டவன்.

எட்டு இருபதுக்கு அவர் டயல் செய்தார். புகாரைப் படித்திருப்பார். அன்று எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

பத்தாவது விதி எனக்கு வியாழக்கிழமைதான் உறைத்தது, அதுவும் பஸ்ஸில். புகார் கொடுத்தவர் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை பேரிடம் அந்த விதியைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! சரி, அவளுக்கு ஜுரம் என்று சொல்லிவிடலாம், என் பேச்சை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தாள் அடித்துக் கொடுக்கவில்லை. ரிப்பன் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் செருப்பு மாட்டும்போது அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தானும் வருவதாகச் சொன்னாள். உனக்கெதற்கு, அங்கே எல்லாம் ஆம்பிளைகள், வெறும் மெஷின் பேச்சு என்றேன். பரவாயில்லை என்று கதவைப் பூட்டினாள். பனகல் பார்க் வரைக்கும் ஆட்டோவில் தெருக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆடிட்டர் மாமா வெள்ளிக்கிழமையே நான் ஆபீஸில் இருந்த நேரம் வீட்டுக்கு டெலிபோன் செய்து, புகார் கொடுத்தவர் என்ற முறையில் அவசியம் வர வேண்டும் என்று அவளை அழைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

மொட்டை மாடியில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், எவர்சில்வர் தட்டில் போண்டா, ஃபிளாஸ்க்கில் காபி. பேராசிரியரும் மச்சினரும் முன்வரிசையில் விறைப்பாக இருந்தார்கள். முப்பத்தொன்றை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்தது தோள் அகன்ற, வாய் அகன்ற ஓர் ஆள். இவரோ மெலிந்து, குள்ளமாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை நிஜமாகவே இன் பண்ணிக்கொண்டு, கடைசி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் எழுந்து நின்று கேட்டார். அந்த மாடியில் இருந்தவர்களில் மரியாதை தெரிந்தவர் யார் என்று வெளியாள் ஒருவரைக் கேட்டிருந்தால் அவரைத்தான் காட்டியிருப்பார். அதுவும் எனக்கு எரிந்தது.

பேராசிரியர் தன் புகாரை ஒப்புக்கொண்டார். மச்சினரும் ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் மாமா மூன்றாவது தாளை என் மனைவியிடம் நீட்டினார்.

அவள் அதை அதுவரை பார்த்ததில்லை. வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தாள். கணக்கு டீச்சர், ஒவ்வொரு வரியாகத்தான் படிப்பாள். கூச்சமாக இருக்கிறது என்ற இடத்தில் கண் கொஞ்சம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை, கையில் போண்டா இருந்தது.

"இது நீங்க எழுதினதுதானாம்மா?" என்று ஆடிட்டர் மாமா கேட்டார்.

"ஆமாம். நான்தான் எழுதினேன்."

முப்பத்தொன்று எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க மேடம்" என்றார். "படிக்கிறவங்களுக்குச் சிரிப்பு வரணும்னுதான் எழுதினேன். யாருக்காச்சும் கூச்சமா இருக்கும்னு தோணவே இல்ல. தப்புதான்."

ஓட்டெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. அவரே எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். தட்டில் அவருக்கு வைத்த போண்டா அப்படியே இருந்தது. அவர் நம்பரை நான் திங்கட்கிழமை காலை எடுத்துவிடுவதாக முடிவாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அவள் அவர் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"அத்தனை பேர் முன்னால உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரலை" என்றாள். "அதுக்கு அவரை விட்டுக்கொடுத்துட்டேன்."

பஸ் வந்தது. அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு என்னை எழுப்பினாள். போர்டில் எப்படி எழுதுவது என்று சொல்லித்தரச் சொன்னாள். நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டாம் நம்பரின் கடவுச்சொல்லைச் சொன்னேன். அது அவள் பிறந்த ஊர் பெயர். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். மூன்று வரிக்குக் கால்மணி நேரம். அவள் அடித்தது இதுதான்: புகார் நான் எழுதியதல்ல. ஞாயிற்றுக்கிழமை நான் பொய் சொன்னேன். முப்பத்தொன்றாம் நம்பரைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அடித்து முடித்துவிட்டு காபி போட உள்ளே போனாள். ஆறு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. நான் உட்கார்ந்து அதை அழித்தேன். போர்டை நடத்துகிறவனுக்கு எதையும் அழிக்கிற அதிகாரம் உண்டு. பொது அமைதிக்காக என்று பதினோராவது விதியில் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு வயரைச் செருகினேன். ஆடிட்டர் மாமா வந்தார், படித்தார், போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் யாராவது ஏதாவது பதில் எழுதினார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ஐந்தரைக்கு எழுந்து, அதே மூன்று வரியை அடித்தாள். பத்து நிமிடம்தான் ஆயிற்று. உள்ளே போனாள். நான் மறுபடி அழித்தேன். என் வீடு, என் மெஷின், என் டெலிபோன். அவனுக்காக என் பெண்டாட்டி என் மானத்தைச் சந்தி சிரிக்க வைப்பாளா?

புதன்கிழமை அவள் ஐந்தே முக்காலுக்கெல்லாம் அடித்து முடித்துவிட்டாள். விரல் பழகிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காபி போடவில்லையா என்றேன். போடவில்லை என்றாள். பால்காரர் மணி அடித்தார், நான்தான் போய் வாங்கி வந்தேன். ஆறு அடித்தது.

"வயரைச் செருகுங்கோ" என்றாள்.

செருகினேன். மோடம் கத்தியது. ஆடிட்டர் மாமாதான். அவர் என்ன படிக்கிறார் என்பது எங்கள் திரையிலும் ஓடும். அந்த மூன்று வரி வந்து நின்றது. வழக்கமாக ஒரு பக்கத்தை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிற மனிதர், அதில் நாலு நிமிடம் நின்றார். வயர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். நான் தொடவில்லை.

ஒன்பது மணிக்குள் என் பேரில் எட்டுப் புகார்கள் வந்துவிட்டன. அதில் ஒன்று பேராசிரியருடையது, எனக்கே ஆச்சரியம். எல்லாம் நம்பரோடு, நேரில் வந்து சொல்கிறோம் என்ற உறுதியோடு. அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நான் நின்றேன், எல்லோரும் சொன்னதைக் கேட்டேன். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒன்பதாவது விதிப்படி என் நம்பர் போயிற்று, அழிக்கிற அதிகாரம் ஆடிட்டர் மாமாவுக்குப் போயிற்று. மெஷின் என் வீட்டில் இருப்பதால் வயரைச் செருகிக் கழற்றுகிற வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது.

அதற்கெல்லாம் முன்பே, அந்தப் புதன்கிழமையே, முப்பத்தொன்றாம் நம்பரை நான் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஆடிட்டர் மாமா மேன்ஷனுக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்படியும் எட்டு இருபதுக்கு மோடம் சும்மாவே இருந்தது. பன்னிரண்டு நாள் போயிற்று. அவர் வராமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு மனம் சொல்லும். வந்துவிட்டால் அவள் முகம் தெளியுமே என்று இன்னொரு மனம் சொல்லும். முதல் மனத்துக்குத்தான் குரல் அதிகம்.

பதின்மூன்றாவது நாள் டயல் செய்தார். ஐந்து நிமிடம் இருந்தார். பொதுவில் ஒன்றும் எழுதவில்லை. போன பிறகு பார்த்தேன். தனிக் கடிதம் ஒன்று. இரண்டாம் நம்பருக்கு.

மெஷின் வைத்திருக்கிறவனுக்கு யாருடைய தனிக் கடிதத்தையும் திறக்க முடியும். அதுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு முறை திறந்திருக்கிறேன். ஆனால் திறந்தால் படித்தாயிற்று என்று குறி விழுந்துவிடும். அவளுக்கு இப்போது அதெல்லாம் தெரியும். ஒன்பது மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் போனேன், வேலை ஓடவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு மூன்று மணிக்கே வந்து மறுபடி அதன் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டிருப்பானா, திட்டியிருப்பானா, என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பானா, அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்திருப்பானா? ஒரு சாவியை அழுத்தினால் போதும். விரலை அதன் மேல் வைத்து வைத்து எடுத்தேன். நல்லவனாகிவிட்டதால் அழுத்தாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான்.

நாலரைக்கு அவள் வந்தாள். உனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கிறது என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவள் முதுகும் பின்னலும்தான் தெரியும். ஒருமுறை படித்தாள். மேலே போய் மறுபடி படித்தாள். சிரித்தாளா என்று தோளைப் பார்த்தேன். தோள் அசையவில்லை. அழுதாளா என்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சாவியை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டிருக்கும். இன்னொரு சாவியை அழுத்தினாள். எழுந்தாள்.

கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அப்படியும் கேட்டுவிட்டேன். அவர் என்ன எழுதியிருந்தார் என்று.

"எனக்கு எழுதியிருந்தார்" என்றாள்.